எம்ஜிபி காரோட பானட்டுக்கு வாஷர் வெச்சா உள்ள சூடு குறையுமாம்!

சோழவரம் சீனியர்:
நேத்து நம்ம வட சென்னை கிளாசிக் கார் குரூப்புல ராயபுரம் ரோட்ஸ்டர் போட்ட வாய்ஸ் நோட்டைக் கேட்டவங்க எல்லாரும் இதைப் படிங்க. எம்ஜிபின்னா எம்ஜி கம்பெனியோட பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார். அதோட பானட், அதான் இன்ஜின் மூடி, அதுக்குப் பின்பக்கம் இருக்கிற ஹிஞ்சுக்கு (கீலுக்கு) அடியில வாஷர் அடுக்கி அரை அங்குலம் தூக்கிட்டா, இன்ஜின் சூடு மேல போயிடும், காலுக்கு அனல் அடிக்காதுன்னு சொல்லியிருக்காரு. அதைக் கேட்டுட்டு ஒரு பையன் ஸ்பேனரைத் தூக்கிட்டான். நான் போன் போட்டு நிறுத்தினேன்.

தப்பு. முழுத் தப்பு. கார் ஓடும்போது காத்து பானட் மேல வழுக்கிட்டு வந்து முன் கண்ணாடி அடியில முட்டும். அந்த இடத்துல அழுத்தம் ஜாஸ்தி. அதனாலதான் எம்ஜிக்காரன் கேபினுக்குக் காத்து எடுக்கிற கிரில்லைக் கண்ணாடிக்கு முன்னாடியே வெச்சான். ஷெவர்லே கமாரோ கார்ல சிலதுல இன்ஜினுக்கே அந்த இடத்துலேர்ந்து காத்து இழுத்தான். அழுத்தம் ஜாஸ்தியா இருக்கிற இடத்துல சந்து விட்டா காத்து உள்ளதான் போகும், வெளிய வராது. உள்ள போன காத்து இன்ஜின் சூட்டை வாரிக்கிட்டு ஃபயர்வால் (இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவுல இருக்கிற தகடு) ஓட்டை வழியா உன் காலுக்குத்தான் வரும்.

சூடு வர்றது ஹீட்டர் வால்வுலேர்ந்து. அது குளிர் நாட்டுக்காரன் செஞ்ச வண்டி. சிலிண்டர் ஹெட்டுல வால்வு, அங்கேர்ந்து ஹோஸ் ஹீட்டர் பெட்டிக்குப் போகுது. டேஷ்போர்டுல குமிழைத் திருப்பி ஆஃப் பண்ணிட்டோம்னு நினைக்கிறோம். கேபிள் தளர்ந்து வால்வு பாதி திறந்தே கிடக்கும். நம்ம ஊரு கத்திரி வெயில்ல, கொதிக்கிற தண்ணி உங்க முட்டிக்கு முன்னாடி சுத்திட்டு இருக்கு. வண்டி சூடானதும் ரெண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்க. ரெண்டும் சுட்டா வால்வு மூடலைன்னு அர்த்தம். வால்வைக் கழட்டி, கேஸ்கட் போட்டு ஒரு தகடு அடிச்சு மூடுங்க. வாஷர் வேணாம்.

ராயபுரம் ரோட்ஸ்டர்:
அண்ணே, கார் ஓடும்போது ஓடும்போதுன்னு சொல்றீங்களே, எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டுல எந்தக் கார் ஓடுது? ஹார்பர் கேட்டுலேர்ந்து கண்டெய்னர் லாரி வரிசை கட்டி நிக்குது. அதுக்கு நடுவுல நான் ஃபர்ஸ்ட் கியர்ல ஊர்ந்துட்டுப் போறேன். கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் போட்டா கதையே முடிஞ்சது. நிக்கிற வண்டிக்குக் கண்ணாடி அடியில ஏது அழுத்தம்? சூடு மேலதான் ஏறும். மேல வழி விட்டா போவும். வாஷர் வெச்சதுலேர்ந்து பானட்டுக்குப் பின்னாடி கைய வெச்சா அனல் வெளிய வர்றது தெரியுது. எனக்கு அது போதும்.

சோழவரம் சீனியர்:
வெளிய வந்த அனல் எங்க போவுது தம்பி? நாலு விரக்கடை தள்ளித்தான் கேபின் காத்துக் கிரில் இருக்கு. அதுக்குள்ளதான் போவுது. முன்னாடி ஓட்டை வழியா வந்த சூட்டுக்கு நீ ராஜபாட்டை போட்டுக் குடுத்திருக்கே. பானட் பீடிங் ரப்பரை எதுக்குப் பின்பக்கம் ஒட்டினான்? அழகுக்கா?

ராயபுரம் ரோட்ஸ்டர்:
கிரில்லுக்கு உள்ள மூடி இருக்கு. மூடி வெச்சிருக்கேன்.

சோழவரம் சீனியர்:
அந்த மூடியில ஒட்டியிருந்த ஃபோம் இன்னும் இருக்கா? ஹீட்டர் பெட்டியை என்னைக்காவது இறக்கிப் பார்த்தியா? பழைய வண்டி எல்லாத்துலயும் அது பொடிப்பொடியா உதிர்ந்து போயிருக்கும். மூடினாலும் மூடாது. வாஷரைக் கழட்டு.

பெரம்பூர் லோகோ:
ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க. "சூடு"ன்னா எதைச் சொல்றீங்க? உள்ள இருக்கிற காத்தோட வெப்பமா, தரைத் தகடு சுடுறதா, இல்ல இன்ஜின் புகை வெளிய வர்ற குழாய், அதான் மேனிஃபோல்டு, அதுலேர்ந்து நேரா வர்ற கதிரா? மூணுக்கும் வைத்தியம் வேற. காத்துன்னா ஓட்டையை அடைக்கணும். தகடுன்னா கார்ப்பெட்டுக்கு அடியில தண்ணி ஊறாத மூடின-செல் ஃபோம் போடணும். கதிர்னா அலுமினியத் தகடு, அதுவும் நடுவுல இடைவெளி விட்டு. பளபளப்புப் பக்கம் எதையாவது தொட்டுக்கிட்டு இருந்தா அதுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல, சூடு நேரா கடந்துடும். முதல்ல எந்தச் சூடுன்னு முடிவு பண்ணுங்க.

ராயபுரம் ரோட்ஸ்டர்:
சூடுன்னா சூடு சார். கால் சுடுது. வாஷர் வெச்சப்புறம் கம்மியா சுடுது.

சோழவரம் சீனியர்:
கம்மியாச்சுன்னு நீ நினைக்கிறே. கடல் காத்து வர்ற நேரத்துல வண்டியை எடுத்திருப்பே. வாஷர் வெச்சதுக்கு முன்னாடியும் பின்னாடியும் அதே வெயில், அதே ரோடு, அதே நேரம் பார்த்தியா?

மூலக்கடை முறுக்கு:
நானும் ஒண்ணு சொல்லிக்கிறேன். பழைய அம்பாசடர்ல இருந்ததும் எம்ஜிபியோட இதே பி-சீரிஸ் இன்ஜின்தான். மாதவரத்துல டாக்ஸி ஓட்டின எங்க மாமா வெயில் காலத்துல பானட்டை லாக் விடுவிச்சு, கொக்கி மட்டும் மாட்டின மாதிரி லேசா தூக்கி வெச்சுத்தான் ஓட்டுவாரு. அவரு என்ன முட்டாளா? ராயபுரத்தார் சொல்றதுல நியாயம் இருக்கு.

சோழவரம் சீனியர்:
தம்பி, அம்பாசடர் 1489 சிசி, எம்ஜிபி 1798 சிசி. ஒரே குடும்பம், ஒரே இன்ஜின் இல்ல. அதை விடு. உங்க மாமா தூக்கினது பானட்டோட முன்பக்கம். லாக் அங்கதான் இருக்கு. இவரு தூக்கினது பின்பக்கம், ஹிஞ்சு கிட்ட. முன்பக்கத்துக்கும் பின்பக்கத்துக்கும் வித்தியாசம் தெரியாம சாட்சி சொல்ல வந்துட்டே.

மூலக்கடை முறுக்கு:
மாமாவைப் பத்திப் பேசாதீங்க. அந்த மனுசன் ஸ்பார்க் பிளக் நிறத்தைப் பார்த்தே டைமிங் சொல்லுவாரு.

சோழவரம் சீனியர்:
மாமாவை நான் ஒண்ணும் சொல்லல. உன்னைத்தான் சொன்னேன்.

எண்ணூர் உப்புக்காத்து:
வாஷர் சண்டையை விடுங்கப்பா. இன்ஜின்லேர்ந்து சைலன்சருக்கு இறங்குற டவுன்பைப்புக்கு சூடு தாங்குற ஃபைபர் பட்டி சுத்துங்க. பி-சீரிஸ்ல கார்புரேட்டர், மேனிஃபோல்டு எல்லாம் இடப்பக்கம். நம்ம ஊரு வலப்பக்க ஸ்டியரிங்குல பக்கத்து சீட்டுல உட்கார்றவங்க காலுக்குத்தான் முதல் அடி. என் வீட்டுக்காரம்மா அந்த வண்டியில ஏறவே மாட்டேன்னுட்டாங்க. பட்டி சுத்தினப்புறம் திருவொற்றியூர் கோயில் வரைக்கும் கூட வர்றாங்க.

சோழவரம் சீனியர்:
பேரையே உப்புக்காத்துன்னு வெச்சுக்கிட்டு பட்டி சுத்தலாமா? பட்டி ஈரத்தைப் பிடிச்சு வெச்சுக்கும். கடலோரத்துல நிக்கிற வண்டி, உப்பும் ஈரமும் சேர்ந்து உள்ளேயே பைப்பை அரிச்சிடும். வெளியே ஒண்ணும் தெரியாது. ஒரு நாள் டவுன்பைப் கையோட வரும். செராமிக் கோட்டிங் அடிங்க. இல்லைன்னா பைப்புக்கும் தரைக்கும் நடுவுல இடைவெளி விட்டு ஒரு தகடு கட்டுங்க.

எண்ணூர் உப்புக்காத்து:
துருப்பிடிச்சா வேற பைப் போட்டுப்பேன். வீட்டுக்காரம்மா வர்றாங்கல்ல, அதுதான் முக்கியம். நீங்க வேணா அவங்ககிட்ட வந்து செராமிக்கைப் பத்திப் பேசுங்க.

ராயபுரம் ரோட்ஸ்டர்:
பார்த்தீங்களா? யார் எதைச் சொன்னாலும் இவரு தப்புன்னுதான் சொல்லுவாரு. மாமா தப்பு, பட்டி தப்பு, வாஷர் தப்பு. நான் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் வரல. என்னோடது பெல்ட்டுல ஓடுற ஃபேன். ஐட்லிங்குல மெதுவாத்தான் சுத்தும். ரேடியேட்டர்லேர்ந்து வர்ற சூடான காத்து பின்னாடி வந்து ஃபயர்வால்ல முட்டி நிக்குது. கீழ கியர்பாக்ஸ் டனல், மேல பானட். மேல வழி இல்லைன்னா டனலுக்குள்ளதான் போவும். மேல வழி விட்டது தப்பா?

சோழவரம் சீனியர்:
வழி விடுறதா இருந்தா முன்பக்கம் விடு. ரேடியேட்டருக்குப் பின்னாடி பானட் மேல அழுத்தம் குறைவு. ஓடினாலும் காத்து வெளிய உறிஞ்சும், நின்னாலும் சூடு மேல போகும். பந்தய வண்டியில எல்லாம் ஓட்டை அங்கதான். சோழவரம் ஓடுபாதையில வண்டிங்க பறந்ததை நான் பார்த்தவன். இருங்காட்டுக்கோட்டை டிராக் வர்றதுக்கு முன்னாடி, அந்த யுத்தகால விமானத்தளத்துலதான் பந்தயம் நடக்கும். பிப்ரவரி வெயில்லயே டிரைவர் கால்ல கொப்புளம் வரும். அங்க யாரும் பின்பக்கம் வாஷர் வெச்சு நான் பார்க்கல. ஃபயர்வால்ல இருக்கிற ஒவ்வொரு ஓட்டையையும் அடைச்சாங்க.

எப்படி அடைக்கிறதுன்னு சொல்றேன், தெரியாதவங்க கேட்டுக்குங்க. ராத்திரி கராஜ்ல லைட்டை அணைச்சுட்டு, பானட்டுக்குள்ள ஒரு பல்பைத் தொங்க விடுங்க. கார்ப்பெட்டைத் தூக்கிட்டு, பெடல் கிட்ட தலையை விட்டுப் படுங்க. வெளிச்சம் எங்க வருதோ அங்க சூடு வருது. ஸ்டியரிங் ராடு நுழையுற இடம், ஸ்பீடோமீட்டர் கேபிள், வயரிங் போற ஓட்டையில காய்ஞ்சு போன ரப்பர், கியர் லீவர் பூட்டு கிழிஞ்ச இடம். நட்சத்திரம் மாதிரி மின்னும். ஒவ்வொண்ணா மூடிட்டு வந்தா பாதிப் பிரச்சினை அதுலயே தீரும். கண்ணாடியை இறக்கி ஓட்டினா கேபின்ல அழுத்தம் குறைஞ்சு அந்த ஓட்டை வழியா இன்னும் ஜாஸ்தியா உறிஞ்சும். இதெல்லாம் செய்யாம வாஷர்.

ராயபுரம் ரோட்ஸ்டர்:
முன்பக்கம் ஓட்டை போடணுமா? ஒரிஜினல் அலுமினியம் பானட்டை வெட்டச் சொல்றீங்களா? பின்னாடி வந்த வண்டிங்க இரும்பு பானட். என்னோடது ஆரம்ப காலத்து வண்டி. அதை வெட்டச் சொல்றவரு கிளாசிக் காரைப் பத்தி எனக்குப் பாடம் எடுக்கிறாரு. வாஷரைக் கழட்டிட்டா வண்டி பழையபடி இருக்கும். வெட்டின பானட்டை ஒட்ட முடியுமா?

சோழவரம் சீனியர்:
வெட்டச் சொல்லல. வழி விடுறதா இருந்தா அங்கன்னு சொன்னேன். அலுமினியம் பானட்டுன்னா இன்னும் மோசம். ஹிஞ்சு கிட்ட வாஷர் அடுக்கி போல்ட்டை முறுக்கினா அந்த மூலை வளைஞ்சிடும். வாஷரைக் கழட்டு.

மூலக்கடை முறுக்கு:
தெர்மோஸ்டாட்டை மாத்திட்டா சரியாப் போயிடுமே? 82 டிகிரியில திறக்கிறது இருந்தா 74 டிகிரியில திறக்கிறதைப் போடுங்க.

சோழவரம் சீனியர்:
டிராஃபிக்ல நிக்கும்போது 82-ம் முழுசாத் திறந்துதான் இருக்கும், 74-ம் திறந்துதான் இருக்கும். அப்புறம் ரேடியேட்டர் எவ்வளவு சூட்டை வெளிய தள்ளுதோ அதுதான் கணக்கு. தெர்மோஸ்டாட்டுக்கும் உன் கால் சுடுறதுக்கும் சம்பந்தம் கிடையாது.

மூலக்கடை முறுக்கு:
சோழவரம் திருவள்ளூர் மாவட்டம். வட சென்னை குரூப்புல இவருக்கு என்ன வேலைன்னே தெரியல.

சோழவரம் சீனியர்:
நான் பொறந்தது பழைய வண்ணாரப்பேட்டை. ஸ்டான்லி ஆஸ்பத்திரி. உனக்கு விலாசம் சொல்ல வேண்டிய அவசியம் எனக்கு இல்ல. ஜி.என்.டி. ரோட்டுல வண்டி ஓட்டிக் கத்துக்கிட்டவன் நான்.

பெரம்பூர் லோகோ:
யாராவது எந்தச் சூடுன்னு சொல்லுங்களேன். ஒரு தெர்மாமீட்டர் வெச்சா போதும். ஒண்ணு கால் பக்கம், ஒண்ணு கிரில் வாயில.

ராயபுரம் ரோட்ஸ்டர்:
தெர்மாமீட்டர் எல்லாம் அப்புறம். சீனியருக்கு ஒரு கேள்வி. ஹீட்டர் வால்வே வேணாம், தகடு அடிச்சு மூடுன்னு எல்லாருக்கும் சொல்றீங்களே, அப்போ தீபாவளிக்கு முன்னாடி எங்கிட்டேர்ந்து என் ஹீட்டர் வால்வை எதுக்கு வாங்கிட்டுப் போனீங்க? இன்னும் வரல.

சோழவரம் சீனியர்:
தகட்டுக்கு அளவு எடுக்க வாங்கினேன். போல்ட் ஓட்டை தூரம் பார்க்கணும்ல. பத்திரமா இருக்கு.

ராயபுரம் ரோட்ஸ்டர்:
அளவு எடுக்க இத்தனை மாசமா? ஸ்கேல் இல்லையா வீட்டுல? அது ஒரிஜினல். புதுப்பேட்டை ஸ்பேர் பார்ட்ஸ் கடை முழுக்க அலைஞ்சாலும் கிடைக்காது.

சோழவரம் சீனியர்:
வால்வு மேட்டர் தனி. இங்க பேசுறது வாஷர். ஒரே ஒரு காரியம் செய். பானட் பின் விளிம்புல அஞ்சாறு இடத்துல ஊசி நூலை செல்லோடேப் போட்டு ஒட்டு. பக்கத்துல யாரையாவது உட்கார வெச்சுட்டு, விடியக்காலையில எண்ணூர் ரோடு காலியா இருக்கும்போது அறுபதுல போ. நூல் வெளிய பறக்குதா, சந்துக்குள்ள இழுக்குதா, அவரைப் பார்க்கச் சொல்லு. உள்ளதான் இழுக்கும். வீடியோ எடுத்து இங்க போடு.

ராயபுரம் ரோட்ஸ்டர்:
விடியக்காலையில எனக்கு சூடே இல்ல, அப்புறம் எதுக்கு வாஷர்? நான் வண்டி எடுக்கிறது சாயந்திரம் அஞ்சு மணிக்கு, காசிமேடு தாண்டி, லாரிக்குப் பின்னாடி. அந்த நேரத்துல நூலைக் கட்டினா அது தொங்கிட்டுத்தான் இருக்கும். அறுபதுல போற ரோடு உங்களுக்கு இருக்கு. எனக்கு இல்ல.

எண்ணூர் உப்புக்காத்து:
சாயந்திரம் அஞ்சு மணிக்கு டோல்கேட் கிட்ட நானும் வர்றேன். நூலும் நானே கொண்டாறேன். ஆனா பட்டியைப் பத்தி யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

சோழவரம் சீனியர்:
அஞ்சு மணிக்கு வந்தா கிரில் வாயில கையை வைங்க. வாஷர் சந்துலேர்ந்து வந்த அனல் அங்க நுழையுறது தெரியும். பட்டி துருப்பிடிக்கும், அதை நான் சொல்லிக்கிட்டேதான் இருப்பேன். ராயபுரம், வாஷரைக் கழட்டு.

ராயபுரம் ரோட்ஸ்டர்:
கழட்ட மாட்டேன். வால்வை எடுத்துட்டு வாங்க.