எலும்பும் தோலுமாக வந்த ஃபெரெட்: கிண்ணம் காலியாகிறது, எடை மட்டும் ஏறவில்லை. உதவி தேவை

கேள்வி (ஸ்காபரோ, கனடா)

வணக்கம். எங்கள் கட்டடத்தில் வீட்டைக் காலி செய்து போன ஒருவர் ஒரு ஃபெரெட்டை (கீரி போல நீண்ட உடம்புள்ள சின்ன வளர்ப்புப் பிராணி) கூட்டோடு அப்படியே விட்டுவிட்டுப் போய்விட்டார். பத்து நாளாக எங்களோடு இருக்கிறான். ஆண், காதுக்குள் சின்னதாக இரண்டு புள்ளி பச்சை குத்தியிருக்கிறது, வயது தெரியாது. குசினித் தராசில் வைத்தபோது 640 கிராம். முதுகைத் தடவினால் முள்ளெலும்பை ஒவ்வொன்றாக எண்ணலாம், இடுப்பெலும்பு இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டு நிற்கிறது.

ஊரில் இருக்கும் அம்மா வீடியோவில் பார்த்து முதலில் கீரிப்பிள்ளை என்று நினைத்தார், பிறகு "பாவம், பாலும் சோறும் குழைத்துக் கொடு" என்றார். கொடுத்தேன். அடுத்த நாளே பச்சை நிறத்தில் சளி போல மலம். பயந்துபோய் நிறுத்திவிட்டு, கடையில் ஃபெரெட்டுக்கென்று விற்கும் உலர் உணவு வாங்கி வைத்தேன். இரவு கிண்ணத்தை நிரப்பினால் காலையில் ஒன்றுகூட மிச்சமில்லை. அப்படியிருந்தும் நேற்று 632 கிராம்தான். வைத்தியரிடம் வியாழக்கிழமைதான் நேரம் கிடைத்திருக்கிறது, இன்னும் நாலு நாள் இருக்கிறது. அதுவரை கோழித்தோல், வெண்ணெய் என்று கொழுப்பாகக் கொடுத்துக் கொஞ்சம் ஏற்றலாமா? கையில் தூக்கினால் காற்றைத் தூக்குவது போல இருக்கிறது, தூக்கமே வரவில்லை.

பதில் (லீட்ஸ், இங்கிலாந்து)

தம்பி, வெண்ணெய் வேண்டாம். பாலும் சோறும் இனி எப்போதுமே வேண்டாம். ஃபெரெட் முழு மாமிசப் பிராணி, குடல் மிகக் குட்டை, பெருங்குடல் தொடங்கும் இடத்தில் மற்ற விலங்குகளுக்கு இருக்கும் பை கூட அதற்குக் கிடையாது, சாப்பிட்டது 3 முதல் 4 மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். மாவுச்சத்தை உடைத்து உறிஞ்ச அதற்கு நேரமே இல்லை. பச்சை மலம் என்றால் சாப்பாடு செரிக்காமல் ஓடுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் பதினாலு வருடமாக வளர்க்கிறேன், கைவிடப்பட்டு வந்தவையும் அதில் நாலைந்து உண்டு. உங்கள் கதையில் என்னை உறுத்துவது அந்தக் காலிக் கிண்ணம்தான். ஃபெரெட் சாப்பாட்டைக் கவ்விக்கொண்டு போய் ஒளித்து வைக்கும், அது அதன் இயல்பு. கிண்ணம் காலியானால் வயிறு நிறைந்தது என்று அர்த்தமில்லை. செற்றிக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில், அலுமாரிக்கும் சுவருக்கும் நடுவில் டோர்ச் அடித்துப் பாருங்கள். பார்த்துவிட்டு எழுதுங்கள்.

பதில் (மொன்றியல், மிருக வைத்தியசாலை ஒன்றில் வேலை)

அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், இதைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையக் கொடுப்பது ஆபத்து. இன்சுலின் ஒரேயடியாகச் சுரக்கும், இரத்தத்தில் இருக்கும் பொஸ்பேட்டும் பொட்டாசியமும் செல்களுக்குள் போய்விடும், இதயமே தடுமாறும். சாப்பிடத் தொடங்கிவிட்டான் என்று வீட்டார் சந்தோஷப்படும் நேரத்தில்தான் இது நடக்கும்.

640 கிராம் உடம்புக்கு அசையாமல் படுத்திருக்கவே நாளைக்குச் சுமார் 50 கலோரி வேண்டும். பல நாள் ஒன்றுமே சாப்பிடாத பிராணிக்கு முதல் நாள் அதில் கால்வாசி, பிறகு நாலைந்து நாளில் மெல்ல மெல்ல முழு அளவு என்றுதான் வழக்கமாகப் போவார்கள். உங்களுடையவன் எவ்வளவு உள்ளே இறக்கியிருக்கிறான் என்பது தெரியாததால் வைத்தியசாலைக்கு இப்போதே தொலைபேசி எடுத்து 632 கிராம் என்று சொல்லுங்கள், அளவையும் அவர்களிடமே கேளுங்கள். முன்கூட்டியே நேரம் தரவும் கூடும்.

இன்னொன்று. இரத்தப் பரிசோதனைக்கு இரவு முழுக்கப் பட்டினி போடச் சொன்னால், இது ஃபெரெட் என்று நினைவூட்டுங்கள். 3, 4 மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிறு இதற்குக் கூடாது. வாயோரம் எச்சில் வடிந்தாலோ, முன்காலால் வாயைப் பிறாண்டினாலோ, பின்கால் தள்ளாடினாலோ, ஒரே இடத்தை வெறித்துப் பார்த்தாலோ சர்க்கரை இறங்குகிறது. ஈறில் துளி தேன் தடவிவிட்டு (விரல் கடிபடாமல்), விழுங்க முடிந்தால் இறைச்சிக் கூழ் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே வைத்தியரிடம் ஓடுங்கள். மற்ற நேரத்தில் தேன், பழம், இனிப்புப் பசை எதுவும் தேவையில்லை. கடையில் குழாயில் விற்கும் "எடை கூட்டும்" பசைகள் பலவற்றில் முதல் சேர்மானமே சர்க்கரைப் பாகுதான், வாங்குமுன் பின்பக்கத்தை வாசியுங்கள்.

கேள்வி கேட்டவர்

அக்கா, நீங்கள் சொன்னது சரி. உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பின்னால் இரண்டு கை நிறைய உலர் உணவு உருண்டைகள். வைத்த சாப்பாட்டில் பெரும்பகுதி அப்படியே குவிந்து கிடக்கிறது, சிலதில் பல் பட்ட அடையாளம், சிலது எச்சிலில் ஊறிக் காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டியிருக்கிறது. ஒரு உருண்டையைக் கையில் நீட்டினேன். ஆசையாக வாங்கி, ஒரு தடவை கடித்தான், தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான், கீழே போட்டான். பசியோடுதான் இவ்வளவு நாளும் இருந்திருக்கிறான். நான் கிண்ணத்தைப் பார்த்துச் சமாதானமாகிவிட்டேன்.

வைத்தியசாலைக்குக் கதைத்தேன், நாளைக் காலையே வரச் சொன்னார்கள். இன்றைக்குக் கூழாக, கொஞ்சம் கொஞ்சமாக, 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கச் சொல்லி அளவும் சொன்னார்கள். என்ன கூழ், எப்படிச் செய்வது?

பதில் (லீட்ஸ்)

தலையைச் சாய்த்துக் கடித்தான் என்றால் பல் என்றே நினைக்கிறேன், வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள்.

கூழ் இப்படித்தான் நான் செய்வது: எலும்பில்லாத கோழித் தொடை தோலோடு, ஒரு துண்டு ஈரல் (நிறைய வேண்டாம், விட்டமின் ஏ கூடிவிடும்), தண்ணீரில் அவித்து, அவித்த தண்ணீரோடு சேர்த்து மிக்ஸியில் நன்றாக அரைப்பது. அதில் அவனுடைய உலர் உருண்டையையும் ஊறவைத்து அரைத்துவிடுங்கள், சத்துகள் அதில்தான் சரியான கணக்கில் இருக்கின்றன, வெறும் கோழியில் கல்சியம் போதாது. உப்பு, வெங்காயம், பூண்டு, மிளகாய் எதுவும் கூடாது. வெந்த எலும்பு ஒரு துண்டுகூட உள்ளே போகக் கூடாது. ஐஸ்கட்டித் தட்டில் ஊற்றி உறையவைத்தால் தேவையானதை மட்டும் எடுத்து உடல் சூட்டுக்குச் சூடாக்கலாம், ஆறினால் மணம் போய்விடும், மணம் இல்லாததை ஃபெரெட் சாப்பாடாகவே மதிக்காது.

முதலில் விரல் நுனியில் தடவி மூக்குக்குக் கீழே காட்டுங்கள். நக்கவில்லையென்றால் மேலுதட்டில் ஒரு பொட்டு வையுங்கள், நாக்கால் துடைக்கும்போது ருசி பிடிபடும். சிரிஞ்ச் என்றால் துவாயில் சுற்றி, வாயின் பக்கவாட்டில், கொஞ்சம் விட்டு விழுங்கவிட்டு அடுத்தது. தொண்டைக்கு நேரே பீச்சினால் நுரையீரலுக்குள் போய்விடும்.

தினமும் ஒரே நேரத்தில் நிறுத்து எழுதிவையுங்கள். ஒரு நாள் 10 கிராம் ஏறும், மறுநாள் இறங்கும், கிழமைக் கணக்கைப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர் (ஆறு கிழமைக்குப் பிறகு)

தாமதமாக எழுதுகிறேன், மன்னியுங்கள். மேல் வேட்டைப்பல் ஒன்று நுனி உடைந்து பல்லுக்குள் இருக்கும் நரம்புச் சதை தெரிந்தது, அதற்குப் பின்னாலிருந்த பல்லடியில் சீழ். மலத்தில் கொக்சிடியா ஒட்டுண்ணியும் இருந்தது. இரத்தச் சர்க்கரை 5.6 (mmol/L), அதில் பிரச்சினை இல்லை. இந்த எடையில் மயக்க மருந்து கொடுக்கப் பயம் என்று வலி மருந்து, அன்ரிபயோட்டிக், ஒட்டுண்ணி மருந்து மட்டும் தந்து அனுப்பினார்கள், 730 கிராம் வந்த பிறகுதான் இரண்டு பல்லையும் பிடுங்கினார்கள். எங்கள் வலி மாத்திரை எதையும் கொடுத்துவிட வேண்டாம் என்று வைத்தியர் இரண்டு தடவை சொன்னார், பரசிட்டமோல் ஃபெரெட்டைக் கொன்றுவிடுமாம்.

முதல் கிழமை இரவு 2 மணிக்கும் 5 மணிக்கும் அலாரம் வைத்து எழும்பினோம், நானும் மனைவியும் மாறி மாறி. அவன் எழும்பாமல் செத்தது போலத் தூங்குவான், ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சு அடைக்கும், கூழ் மணத்தை மூக்கருகே கொண்டுபோனால் கண் திறக்குமுன் நாக்கு வெளியே வரும்.

இன்று காலை 905. இடுப்பெலும்பு இப்போது தடவினால்தான் தெரிகிறது. இனி இதற்கு மேலும் ஏற்ற வேண்டுமா, கூழை நிறுத்தலாமா?

பதில் (மொன்றியல்)

905 நல்ல செய்தி. ஆண் ஃபெரெட் 1 கிலோவிலிருந்து 2 கிலோ வரை போகும், இவன் சட்டகம் சின்னது போலத் தெரிகிறது, 1 கிலோ தாண்டினால் நான் திருப்திப்படுவேன். ஆனால் இது வசந்தகாலம், பகல் நீள நீள ஃபெரெட்டுகள் தாமாகவே கொழுப்பைக் குறைத்துக்கொள்ளும், குளிர்காலத்தில் மறுபடி போடும். அதனால் இனி எடை நின்றால் உடனே பயப்பட வேண்டாம், சோர்வு, மலம், பின்கால் பலம் இவற்றைப் பாருங்கள்.

கூழைக் கிழமைக்குக் கிழமை கெட்டியாக்கி, ஊறிய உருண்டை, பிறகு பாதி ஊறியது என்று போங்கள். உருண்டையில் புரதம் 35 வீதத்துக்கு மேல், கொழுப்பு 20 வீதத்தை ஒட்டி, முதல் சேர்மானம் இறைச்சி. பட்டாணி, சோளம் முன்னால் இருந்தால் வேறு வாங்குங்கள்.

கேள்வி கேட்டவர்

சரி, செய்கிறேன். நேற்று இரவு ஊறவைக்காத உருண்டை நாலு வைத்துப் பார்த்தேன். மூன்றைக் கிண்ணத்தடியிலேயே நின்று கறுக் கறுக் என்று கடித்துத் தின்றான். ஒன்றைக் கவ்விக்கொண்டு மெஷினுக்குப் பின்னால் போனான். அதை எடுக்க மனம் வரவில்லை, விட்டுவிட்டேன்.