கக்கன் ஐயாவும் நம் ஒருபோக நிலங்களும்

அன்புள்ள ஊர் உறவுகளுக்கு வணக்கம்.

ஜூன் 18 கக்கன் ஐயாவின் பிறந்தநாள். அதையொட்டி நாம் பேசும்போதெல்லாம், மதுரை அரசு மருத்துவமனையின் பொதுப்பிரிவில் அவர் படுத்திருந்ததையும், வேறொருவரைப் பார்க்க அங்கு வந்த முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அவரைக் கண்டதையும் தவறாமல் சொல்லிவிடுகிறோம். நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. ஆனால், பத்தாண்டுக் காலம் அமைச்சராக இருந்தவரை அவருடைய வறுமையைக் கொண்டே நினைத்து நினைத்து, அவர் பார்த்த வேலையை மறந்துவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு நெடுநாளாக உண்டு.

மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908இல் பிறந்தவர். தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நுழைவு மறுக்கப்பட்டிருந்த மீனாட்சி அம்மன் கோயிலுக்குள், 1939 ஜூலை 8 அன்று காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயருடன் நுழைந்தவர்களில் ஒருவர். அரசியல் நிர்ணய சபையிலும், 1952 முதல் மக்களவையிலும் இருந்துவிட்டு, 1957இல் சட்டமன்றத்துக்கு வந்தார். காமராசர் அவரிடம் அரிசன நலத்தோடு பொதுப்பணித் துறையையும் ஒப்படைத்தார்.

இந்த இரண்டாவது துறையைத்தான் நாம் போதிய அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. கண்மாய்த் தண்ணீர் யார் வயலுக்கு முதலில் பாய வேண்டும், பொதுக்கிணற்றில் யார் வாளி இறக்கலாம் என்பதையெல்லாம் சாதி தீர்மானித்த ஒரு வட்டாரத்தில், அந்த வரிசையின் கடைசியில் நிறுத்தப்பட்ட மக்களிடமிருந்து வந்த ஒருவர், மாநிலத்தின் அணைகளுக்கும் கால்வாய்களுக்கும் பொறுப்பான அமைச்சராக ஐந்தாண்டுகள் அமர்ந்திருந்தார். சாத்தனூர் அணை 1958இல் முடிந்ததும், வைகை அணை 1959 ஜனவரி 21 அன்று திறக்கப்பட்டதும் அந்தக் காலத்தில்தான். காமராசரின் முடிவும் பொறியாளர்களின் உழைப்பும் தொழிலாளர்களின் வியர்வையும் சேர்ந்தே அவை எழுந்தன என்பது உண்மை. ஆனாலும் அந்தத் துறையின் கோப்புகள் கக்கன் ஐயாவின் மேசையைக் கடந்துதான் போயின.

பெரியாற்றுத் தண்ணீர் வைகையில் கலந்து, பேரணை என்னும் தடுப்பணையில் பிரிந்து நம் பக்கம் வருவது பழைய ஏற்பாடு. வைகை அணை வந்த பிறகுதான் அந்தத் தண்ணீரைத் தேக்கி வைத்து, வேண்டியபோது திறக்க முடிந்தது. மேலூர்ப் பக்கத்து நிலங்கள் ஒருபோகப் பாசனம், அதாவது ஆண்டுக்கு ஒரே விளைச்சல். அதிலும் நாம் கடைமடை, கால்வாயின் கடைசி முனை. ஆவணி பிறந்துவிட்டால் என் அப்பா நாளிதழைப் பிரித்ததும் தலைப்புச் செய்தியைப் பார்க்க மாட்டார்; உள்பக்க மூலையில் கட்டம் கட்டி வரும் வைகை நீர்மட்டத்தைத்தான் விரல் வைத்துத் தேடுவார். ‘அறுபது அடியைத் தாண்டிருச்சு’ என்று அவர் சொன்னால், அம்மா விதைநெல்லை எடுத்து வெயிலில் காயப்போடுவார்.

அவரைப் பற்றிப் பேசும்போது கசப்பானதையும் விடக்கூடாது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் உயிரிழந்தபோது உள்துறை அமைச்சர் அவரே. 1967 தேர்தலில் மேலூர் தெற்கில் தி.மு.க.வின் ஓ.பி. ராமனிடம் தோற்றார். நம் வட்டார மக்கள் அளித்த தீர்ப்பு அது.

இந்த ஆண்டு பிறந்தநாள் கூட்டத்தில் பேசவிருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். 1957 முதல் 1962 வரையிலான சட்டமன்ற நடவடிக்கைக் குறிப்புகளில் பாசனம் பற்றிய கேள்விகளுக்குக் கக்கன் ஐயா அளித்த பதில்களைத் தேடியெடுத்து, அவற்றிலிருந்து ஒரு பக்கமாவது படியுங்கள். சென்னையில் இருக்கும் உறவுகள் யாரேனும் நூலகத்துக்குப் போய்ப் படியெடுத்துத் தர முன்வந்தால், அதற்கான செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன்.