குதிரைப் பந்தயத்தில் தில்லுமுல்லு: லாயத்தில் வேலை பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மார்த்தாண்டம்காரன்:
எங்கள் சித்தப்பா ஒரு காலத்தில் ரேஸ் புக்கும் கையுமாக அலைந்தவர். இப்போது கேட்டால், "எல்லாம் பேசி வச்சதுதான் மக்கா, எந்தக் குதிரை ஜெயிக்கணும்னு முந்தின நாள் ராத்திரியே முடிவு பண்ணிடுவான்" என்கிறார். அது உண்மையா? ஓடுகிற குதிரையை எப்படித் தோற்க வைக்க முடியும்? யாரும் கண்டுபிடிக்க மாட்டார்களா?

வேளிமலை:
தம்பி, நான் தக்கலைப் பக்கம். இளவயதிலேயே ஊரைவிட்டுப் போய் ரேஸ் லாயங்களில் சைஸாக, அதாவது குதிரையைப் பராமரிக்கிற ஆளாக இருந்தவன். இப்போது ரப்பர் பால்வெட்டு.

உங்கள் சித்தப்பா சொல்வதில் பாதிதான் சரி. ஒரு குதிரையை ஜெயிக்க வைக்க வேண்டுமென்றால் கூட ஓடுகிற அத்தனை குதிரைகளையும் கையில் போட வேண்டும். தோற்க வைப்பதற்கு ஒரே ஓர் ஆள் போதும். எல்லாரும் பணம் கட்டியிருக்கிற குதிரை தோற்றால், பந்தயப் பணம் வாங்குகிற புக்கிக்கு லாபம். அதனால் நல்ல குதிரைக்குத்தான் எப்போதும் ஆபத்து.

பந்தயத்துக்கு முன்னால் தண்ணீர் வாளியை எடுத்துவிடுவோம். அந்த நேரத்தில் யாராவது வயிறு முட்டத் தண்ணீர் காட்டினால் போதும், குதிரை ஓடாது. அதைவிடக் கொடுமை ஸ்பாஞ்ச். சின்னத் துண்டு ஒன்றை மூக்குத் துவாரத்துக்குள் ஆழமாகச் செருகிவிடுவார்கள். குதிரையால் வாய் வழியாக மூச்சு விட முடியாது, மூக்கு ஒன்றே வழி. அமெரிக்காவில் 1990களில்கூட இப்படிப் பல குதிரைகள் பிடிபட்டன. நாள் கடந்தால் அந்த ஒரு மூக்கிலிருந்து மட்டும் நாற்றமடிக்கும் சளி வரும். நான் காலையில் லாயத்துக்குள் போனதும் முதல் வேலையாக இரண்டு மூக்குக்கும் நேரே உள்ளங்கையை வைத்துப் பார்ப்பேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடாகக் காற்று வர வேண்டும். அதற்கு அப்புறம்தான் கொள்ளும் குதிரைமசாலும்.

இங்கிலாந்தில் நியூமார்க்கெட்டில் 1811இல் குதிரைகள் குடிக்கிற தொட்டியிலேயே ஆர்சனிக் கலந்தார்கள். குதிரைகள் செத்தன. டேனியல் டாசன் என்பவனை மறு வருடம் தூக்கில் போட்டார்கள். அவனை ஏவிவிட்ட பணக்காரர்கள் யாரும் தூக்கு மேடை ஏறவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை கதை அதுதான், மாட்டுவது கீழே இருக்கிறவன்.

தேரூர் வாசகன்:
அண்ணாச்சி சொல்வது குதிரையைக் கெடுப்பது. குதிரையையே மாற்றிய கதையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் பிரிஸ்பேனில் 1984இல் ஃபைன் காட்டன் என்ற சுமார் குதிரையின் பெயரில் போல்ட் பர்சனாலிட்டி என்ற நல்ல குதிரையை ஓடவிட்டார்கள். இரண்டும் வேறு நிறம். தலைமுடிச் சாயம் பூசி, பின்னங்கால்களில் வெள்ளைப் பெயின்ட் அடித்தார்கள். கட்டிய ஒன்றுக்கு 33 கிடைக்கும் என்றிருந்த விலை, பணம் வந்து குவிந்ததால் மளமளவென்று இறங்கியதிலேயே எல்லாருக்கும் சந்தேகம். ஜெயித்து வந்த குதிரையின் காலில் பெயின்ட் வழிந்தது. இப்போது குதிரையின் கழுத்தில் மைக்ரோசிப் இருப்பதால் இந்த வேலை எளிதில் நடக்காது.

மார்த்தாண்டம்காரன்:
நன்றி அண்ணாச்சி. ஊக்கமருந்துச் சோதனை என்கிறார்களே, அது எப்படி? குதிரை ஓட்டுகிற ஜாக்கி வேண்டுமென்றே இழுத்துப் பிடித்தால் தெரியுமா?

வேளிமலை:
ஜெயித்த குதிரையைத் தனி லாயத்துக்குக் கொண்டுபோய் மூத்திரம் பிடிப்பார்கள். புது வைக்கோலில் நிறுத்தி நாங்கள் மெதுவாக விசிலடிப்போம்; பழகிய குதிரை அந்தச் சத்தத்துக்குப் பெய்துவிடும். அதை இரண்டாகப் பிரித்து நம் கண் முன்னாலேயே சீல் வைப்பார்கள். ஒன்று சோதனைக்கு, மற்றது தகராறு வந்தால் மறுபடி பார்க்க.

இந்தச் சோதனையில் அப்பாவியும் சிக்குவான், அதை யாரும் பேசுவதில்லை. மிச்ச டீயைக் குதிரைக்கு ஊற்றினால் கஃபீன் காட்டும். வலி மாத்திரை சாப்பிட்ட ஆள் லாயத்து வைக்கோலிலேயே ஒன்றுக்குப் போய், அதைக் குதிரை தின்றாலும் மருந்து காட்டும். வெளிநாட்டில் இப்படி விசாரணைகளே நடந்திருக்கின்றன. என்னோடு இருந்த ஒரு பையனை இப்படி ஒரு சந்தேகத்தில் பயிற்சியாளர் அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொன்னார். விசாரிக்கவே இல்லை. சைஸுக்குத் தனிக் கக்கூஸ், ஒழுங்கான மருத்துவர் இரண்டும் கொடுத்துவிட்டு அப்புறம் அவனைக் கேள்வி கேட்கட்டும்.

ஜாக்கி விஷயம்: கையைப் பாருங்கள். குதிரை போகத் துடிக்கும்போது கடிவாளம் விறைப்பாக இருந்து, தலை மேலே தூக்கி, வாய் திறந்திருந்தால் பிடிக்கிறான் என்று அர்த்தம். கெட்டிக்காரன் அப்படிச் செய்ய மாட்டான். கிளம்பும்போது அரை நொடி தாமதிப்பான், இல்லையென்றால் முன்னால் ஓடுகிற குதிரைகளுக்குப் பின்னால் வேண்டுமென்றே போய் அடைபட்டுக்கொள்வான். அதற்காகத்தான் எதிரே நின்று எடுக்கிற வீடியோவை, பந்தயத்தைக் கண்காணிக்கிற ஸ்டூவர்டுகள் போட்டுப் போட்டுப் பார்க்கிறார்கள். கூடவே அந்தக் குதிரைக்கு எதிராக யார் பணம் கட்டினார்கள் என்பதையும் பார்க்க வேண்டும். வீடியோவை மட்டும் வைத்து ஜாக்கியைப் பிடிக்கலாம், அவனுக்குக் காசு கொடுத்தவனைப் பிடிக்க முடியாது.