நம்மது இல்லாத பூனைகள்: தடவிய கதை, பிறாண்டு வாங்கிய கதை

திருவல்லிக்கேணிக்காரி:

எங்க வீட்டில் பூனை வளர்க்க வழியில்லை. மாமியாருக்கு வீசிங். வீட்டுக்காரருக்கோ மாடிப்படியில் செருப்பு சிதறிக் கிடந்தாலே முகம் சுளிக்கும். அதனால் தெருவில் திரிகிற ஊரார் வீட்டுப் பூனைகளை வைத்துத்தான் என் ஆசை தீர்கிறது. உங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கும், எழுதுங்க. முதலில் என்னுடையது.

எங்க தெருமுனையில் ஒரு இஸ்திரி வண்டி. இன்னும் கரிப்பெட்டிதான். அண்ணன் ஆறரைக்குக் கரியை மூட்டினால் ஏழு மணிக்கு ஒரு முக்கலர் பூனை வந்து, தேய்த்து அடுக்கிய துணிமேல் ஏறி உட்காரும். எந்த அடுக்கு அப்போதுதான் தேய்த்ததோ அதன் மேல்தான். ஆறிப்போன அடுக்கைத் திரும்பியும் பார்க்காது. வீட்டுக்கு வருகிற வெள்ளைச் சட்டையில் எப்படியும் நாலு முடி ஒட்டியிருக்கும். மாமியார் கண்ணில் படுவதற்குள் எடுத்துப் போட்டுவிடுவேன்.

7:40 பஸ்ஸுக்குப் போகிற வழியில் எனக்கும் அதற்கும் இரண்டு நிமிடம். ஒரு விரலை மடக்கி, மூக்குக்குக் கொஞ்சம் தள்ளி நீட்டணும். மூக்கில் இடிக்கக் கூடாது. அது முகர்ந்து பார்க்கும். இஷ்டம் இருந்தால் உதட்டு ஓரத்தை விரலில் தேய்க்கும், அப்புறம் கன்னம், அப்புறம் காதடி. கன்னத்தில் வாசனைச் சுரப்பி இருக்கிறதாம். கொஞ்சுகிறது என்று நாம் உருகிக்கொண்டிருக்கிறோம், அது நம் மேல் ரப்பர் ஸ்டாம்பு குத்திக்கொண்டிருக்கிறது. இஷ்டம் இல்லையென்றால் வேறு பக்கம் பார்க்கும். அன்றைக்கு அவ்வளவுதான், நேரே பஸ் ஸ்டாப்.

இஸ்திரி அண்ணன் சொன்னது ஒன்றே ஒன்று: "தடவிக்கங்கம்மா, தூக்காதீங்க."

அண்ணனுக்கு அது முனியம்மா. ஜெராக்ஸ் கடைப் பையனுக்கு தோனி. எதிர்வீட்டு மாமிக்கு கிருஷ்ணா. ஒருநாள் மாமியிடம், "மாமி, கறுப்பும் செம்பட்டையும் சேர்ந்து வந்தால் அநேகமாகப் பெட்டைதான், அந்த இரண்டு நிறமும் எக்ஸ் குரோமோசோமில் வருகிற சமாச்சாரம்" என்று விளக்கினேன். "பேர்ல என்னடி இருக்கு, பெருமாளே மோகினியா வந்தவர்தானே" என்று முடித்துவிட்டார். மாமி தென்கலை வைணவர். குட்டி ஒண்ணும் பண்ண வேண்டாம், தாய்ப்பூனையே கவ்விண்டு போயிடும், பெருமாளும் நம்மை அப்படித்தான் காப்பாத்துவார், எங்க சம்பிரதாயமே பூனைதான் என்பார். அப்பேர்ப்பட்ட மாமி, பார்த்தசாரதி கோயிலுக்குக் கிளம்பும்போது அதே கிருஷ்ணா குறுக்கே போனால் உள்ளே திரும்பிப் போய் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் வருவார்.

போன வியாழக்கிழமை பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. விரல் நீட்டுகிற சடங்கெல்லாம் இல்லாமல் பின்னாலிருந்து முதுகில் கை வைத்துவிட்டேன். தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மணிக்கட்டில் மூன்று கோடு, ஒன்றில் ரத்தம். தப்பு என்னுடையதுதான். சாயங்காலம் மஞ்சள் குழைத்துப் பூசினேன், காய்ந்துவிட்டது.

நாகர்கோவில்:

எங்க பக்கம் பூனைன்னு சொன்னா சிரிப்பாங்க, பூச்சதான். பக்கத்து வீட்டுப் பூச்சையைத் தொட்டுட்டு வந்து சோத்துல கை வச்சா அம்மை கரண்டியோட வருவா. ஆனா மீன் கழுவ உட்கார்ந்தா அதே பூச்சைக்கு மொத பங்கு அவதான் போடுவா. நான் தொட்டா மட்டும்தான் நாத்தம்.

செவிலியர், விழுப்புரம் பக்கம்:

முதல் பதிவு போட்ட அக்கா, மஞ்சள் பூசினதோட விட்டுட்டீங்களா? வெறிநோய் நாய்க்கு மட்டும்தான்னு நிறையப் பேர் நினைச்சிட்டிருக்காங்க. பூனை பிறாண்டினாலும் வரும், அது பாதத்தை நக்கிட்டே இருக்கிற பிராணி, நகத்துல எச்சில் இருக்கும். பிறாண்டின உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்பு போட்டு 15 நிமிஷம் கழுவணும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக் கூடாது.

ரத்தம் வந்திருக்குன்னா அது மூணாவது வகைக் காயம், அதான் ஆபத்து கூடின வகை. தடுப்பூசியோட, காயத்தைச் சுத்தி இம்யூனோகுளோபுலின்னு உடனே எதிர்ப்புச் சக்தி தர்ற ஊசியும் போட வேண்டியிருக்கும். தோல் ஊசின்னா முதல் நாள், 3, 7, 28ன்னு நாலு தடவை. அரசு ஆஸ்பத்திரியில இலவசம். நாலஞ்சு நாள் ஆயிடுச்சேன்னு தயங்காதீங்க, இன்னைக்கே போங்க. பூனை பத்து நாள் நல்லா இருக்கான்னு பார்க்கச் சொல்வாங்க. அதை வச்சு டாக்டர் முடிவு பண்ணட்டும், நீங்க பண்ணாதீங்க. எனக்கும் பூனைன்னா உயிருதான். தெருப்பூனையைத் தொடுற பழக்கம் இருக்கிறதாலதான் சொல்றேன், எனக்கு நாலு ஊசியும் ஆயிடுச்சு.

ஈஸ்ட்ஹாம் அண்ணை:

நாங்கள் லண்டன் ஈஸ்ட்ஹாமில இருக்கிறம். போன பனிக்காலம் ஒரு சாம்பல் நிறக் கடுவன் பின்வளவுக்கு வரத் துடங்கினது. கழுத்தில பட்டி ஒண்டும் இல்லை. சரியான குளிர், கண்ணாடிக் கதவுக்கு வெளியில குந்திக்கொண்டு எங்களையே பாக்கும். முதல் நாள் மனுசி கதவைத் திறக்க விடேல்ல. மூண்டாம் நாள் அவவே ரின் மீன் ஒண்டை உடைச்சு வைச்சா. அஞ்சாம் நாள் ஹீட்டருக்குப் பக்கத்தில படுக்கை. சின்னத்தம்பி எண்டு பேரும் வைச்சாச்சு.

மகள்தான் பயப்படுத்தினாள். "அப்பா, இது ஆற்றையோ பூனை. உள்ள வைச்சுப் பூட்டினா கள்ளன் எண்டு பிடிச்சுக்கொண்டு போவாங்கள், நாயையும் பூனையையும் கடத்துறதுக்கெண்டே 2024இல சட்டம் வந்திருக்கு." அதே வருசம் ஜூன் 10இலயிருந்து இங்கிலாந்தில பூனைக்கு மைக்ரோசிப்பும் கட்டாயம், 20 கிழமை (வாரம்) வயசுக்குள்ள போட்டிருக்க வேணும். மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோனா அதை வாசிச்சு ஆற்றை பூனை எண்டு சொல்லுவினம். ஆனா இவர் கூடைக்குள்ள போகமாட்டன் எண்டு நாலு காலையும் விரிச்சுக்கொண்டு நிண்டார்.

பேந்து மகள் ஒரு வழி சொன்னாள். கடுதாசியை ஒரு விரல் அகலத்தில நீளமா வெட்டி, "இது உங்கட பூனையோ? எங்கட வீட்டுக்கு ஒவ்வொரு நாளும் வருது" எண்டு இங்கிலீசில எழுதி, போன் நம்பரும் போட்டு, கழுத்தில சுத்தி ஒட்டிவிட்டம். எங்கையும் கொழுவுப்பட்டா கிழிஞ்சு போகவேணும், அதுக்குத்தான் கடுதாசி, நூல் கட்டக்கூடாது. இரவு போனவர் விடிய வந்தார். எங்கட பட்டி இல்லை, வேற ஒரு பட்டி, நீல மையில எழுத்து: "இவன் பெயர் ஜெரால்ட். டயட்டில் இருக்கிறான். தயவுசெய்து உணவு கொடுக்காதீர்கள். தடவலாம்."

நாலு வீடு தள்ளி இருக்கிற ஒரு வெள்ளைக்காரக் கிழவி. ஒன்பது வருசமா ஒரே தெருவில இருக்கிறம், குப்பைத்தொட்டி வெளியில வைக்கேக்க தலையை ஆட்டிறதோட சரி. இப்ப கண்டா நிண்டு கதைக்கிறா. வேற ஒண்டும் இல்லை, ஜெரால்டின்ர நிறை எவ்வளவு குறைஞ்சது எண்டதுதான் கதை. ஒருநாள் தன்ர வாசலில நிண்டு "ஜெரால்ட்!" எண்டு கூப்பிட்டா, அவர் அசையேல்ல. நான் வாய் தவறி "சின்னத்தம்பி" எண்டன், வாலைத் தூக்கிக்கொண்டு ஓடி வாறார். எனக்கு முகத்தை எங்க வைக்கிறதெண்டு தெரியேல்ல.

இன்னொண்டு. பூனையைப் பாத்துக் கண்ணை மெல்லமாப் பாதி மூடித் திறந்தா கிட்ட வரும் எண்டு மகள் சொன்னாள். சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில 2020இல செய்து பாத்திருக்கினம். நானும் யன்னலடியில இருந்து ஜெரால்டுக்குச் செய்துகொண்டிருந்தன். மனுசி வந்து, "இஞ்சாருங்கோ, ஆருக்குக் கண்ணடிக்கிறியள்?" எண்டா. எதிர்ப்பக்க நடைபாதையில ஒரு பொம்பிளை பஸ்சுக்கு நிண்டவ. ரெண்டு நாள் கதை இல்லை.

ஈசூன், சிங்கப்பூர்:

எங்கள் புளோக் கீழே ஒரு ஆரஞ்சுப் பூனை இருந்தது. இடது காது நுனி வெட்டியிருக்கும். கருத்தடை செய்து திருப்பி விட்ட பூனை என்பதற்கு அடையாளம் அது, சண்டையில் போனது இல்லை. அடித்து வைத்திருக்கிறார்கள் என்று நினைத்து முதலில் நான் அழுதிருக்கிறேன். ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்தால் லிஃப்ட் வாசலில் காத்திருக்கும். யாருடையதும் இல்லை, அதனால் எல்லாருடையதும். முட்டியில் தலையை இடிக்கும், நான் உட்காருவேன், லிஃப்ட் வந்து திரும்பிப் போகும்.

வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளில் பூனை வளர்க்க முப்பது வருடத்துக்கு மேல் தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் இரண்டு பூனை வரை உரிமம் எடுத்து வைத்துக்கொள்ளலாம் என்று மாற்றினார்கள். நானும்தான் கைதட்டினேன். ஏழாவது மாடி மாக்சிக் (மலாய் அத்தை) ஒருவர் ஆரஞ்சை எடுத்துக்கொண்டுவிட்டார். நல்ல மனுஷி, குறையே சொல்ல முடியாது. ஜன்னல், கேட் எல்லாம் வலை போட்டு, பூனை கொழுகொழுவென்று இருக்கிறது. நான் ஐந்தாவது மாடி. சில நாள் வேண்டுமென்றே ஏழை அழுத்திவிட்டு, தப்பான மாடியில் இறங்கிவிட்ட மாதிரி அந்த வாசல் வழியாக நடந்து போகிறேன். வலைக்குப் பின்னால் இருந்து பார்க்கும். ஒரு தடவை கம்பிக்குள் விரலை விட்டேன், கன்னத்தைத் தேய்த்தது. மாக்சிக் கதவைத் திறந்துவிட்டார். "ஆறாவது மாடி என்று நினைத்தேன்" என்றேன். ஐந்தாவது என்றுகூடச் சொல்ல வாய் வரவில்லை.

கோவைக்காரர்:

எல்லாரும் தடவின கதை சொல்றீங்க, நான் அந்தப் பக்கத்து ஆளுங்க. அதாவது உங்களுக்கெல்லாம் பூனை கொடுக்கிற ஆளு. எங்க பையன், பூனையைத்தான் சொல்றேன், பதினொரு வயசு. கிட்னி கோளாறு, டாக்டர் சொன்ன தீனி மட்டும்தான். மத்தியானம் ஒரு மணி நேரம் வெளியே விடுவோம், திண்ணையில படுத்திருப்பான். போன மாசம் மூணு நாள் வாந்தி, பேதி. கடைசியில பார்த்தா, ரெண்டு வீடு தள்ளி ஒரு அம்மா பாசமா பால்சோறு வெச்சிருக்காங்க, அதுல குழம்பும் ஊத்தியிருக்காங்க.

வளர்ந்த பூனை நிறையத்துக்குப் பால் செரிக்காதுங்க. பூனையும் பாலும்னு நாமதான் சேர்த்து வெச்சிருக்கோம். குழம்புல இருக்கிற வெங்காயமும் பூண்டும் அதோட ரத்தத்தையே கெடுக்கும். இன்னொரு ஊட்டுல காய்ச்சல்னு நினைச்சு அரை பாரசிட்டமால் கொடுத்துப் பூனையே போயிருச்சு. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானா வளரும்னு பழமொழி இருக்குங்க, பூனைக்கு அது ஆகாதுங்க. தடவுங்க, எவ்வளவு வேணா தடவுங்க. தட்டை மட்டும் வெக்காதீங்க. லண்டன் பாட்டிம்மா எழுதி அனுப்பினாங்க பாருங்க, அதை நாலு பிரிண்ட் எடுத்து எங்க வீதியில ஒட்டலாம்னு இருக்கேன்.

ஒண்ணு சொல்லணும். அந்தம்மாகிட்ட சண்டைக்குத்தான் போனேன். எங்க பையன் அவங்க மடியில படுத்துட்டு இருந்தான். என் மடிக்கு அவன் வந்து ரெண்டு வருசம் ஆச்சுங்க. சொல்ல வந்ததைக் கொஞ்சம் மெதுவாத்தான் சொன்னேன்.

திருவல்லிக்கேணிக்காரி:

விழுப்புரம் தங்கச்சிக்கு முதலில் கும்பிடு. அன்றைக்கே அரைநாள் லீவு போட்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனேன். நீங்க சொன்ன அதே திட்டு அங்கேயும் விழுந்தது, மஞ்சளுக்குத் தனியாக. மணிக்கட்டைச் சுற்றிப் போட்ட ஊசிதான் உயிர் போய் வந்தது, மற்றதெல்லாம் எறும்புக் கடி.

பூனையைப் பத்து நாள் பார்க்கணும் என்றதும் இஸ்திரி அண்ணன் அதை ஒரு உத்தியோகமாகவே எடுத்துக்கொண்டுவிட்டார். நான் முனையில் திரும்பும்போதே குரல் வரும்: "ஆறாவது நாளும்மா, ரெண்டு மீன் தலை தின்னுச்சு." "எட்டு. எலி புடிச்சிடுச்சு, பாதிதான் தின்னுச்சு." பஸ் ஸ்டாப்பில் நிற்கிறவர்கள் எல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பத்தும் நல்லபடியாக முடிந்தது. இருந்தாலும் டாக்டர் நாலையும் போட்டுக்கொள்ளச் சொன்னார், போன செவ்வாயோடு முடிந்தது.

அண்ணனுக்கு நடுவில் ஒரு கவலை வந்துவிட்டது. தினம் எத்தனை பேர் தொடுகிறார்கள், நாளைக்கு ஒரு குழந்தையைப் பிறாண்டினால்? பூனைக்கே ஊசி போட்டுவிடலாம் என்று வேப்பேரி கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம், ஞாயிற்றுக்கிழமை போகலாமா என்று யோசித்து, கூட்டம் இருக்கும் என்று புதன்கிழமை. பூனையைக் கூடைக்குள் எப்படி ஏற்றுவது என்று நான் ஈஸ்ட்ஹாம் அண்ணை சொன்ன நாலு காலை நினைத்துப் பயந்துகொண்டிருந்தேன். இஸ்திரி அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பெட்டியில் கரியை ஊதினார். ஒரு பழைய வேட்டியை இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்து, நாலாக மடித்து, ஆவி பறக்கக் கூடைக்குள் போட்டார். அது வந்தது, முகர்ந்தது, உள்ளே ஏறி இரண்டு சுற்று சுற்றி உட்கார்ந்துகொண்டது. மூடியைப் போட்டோம்.

ஆட்டோவுக்குப் பணம் மாமி கொடுத்தார். அதனால் ஓ.பி. சீட்டில் பெயர் கேட்டபோது அண்ணனும் நானும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம். அண்ணன்தான் சொன்னார். சீட்டு இப்போது வண்டியில் விபூதிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் செருகியிருக்கிறது: கிருஷ்ணா, பெண், வயது சுமார் 3.