ஸ்கோப் ரிங் ஸ்க்ரூவுக்கு 2 நியூட்டன் மீட்டர்: கைக்கு அடக்கமான விலையில் எந்த டார்க் (திருகும் விசை) கருவி?

பத்துமீட்டர்:
துப்பாக்கி .177 ஸ்பிரிங் பிஸ்டன் ஏர் ரைஃபிள். மேலே 11 மி.மீ. டவ்டெயில் (ரிங் பிடித்துக்கொள்ளும் சரிவுப் பள்ளம்), ஸ்கோப்பைப் பிடிக்கும் இரண்டு அலுமினிய ரிங், 25.4 மி.மீ. குழாய் உள்ள ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி). ரிங் மூடி (ரிங்கின் மேல் பாதி) ஒவ்வொன்றிலும் நான்கு எம்4 ஆலன் ஸ்க்ரூ, 3 மி.மீ. சாவி. ரிங்கோடு வந்த தாளில் மூடிக்கு 15 முதல் 18 இன்ச் பவுண்டு என்று போட்டிருக்கிறது.

கண்ணில் பட்டவை மூன்று: சைக்கிளுக்கு விற்கும் 2–24 நியூட்டன் மீட்டர் கிளிக் ரெஞ்ச் (வைத்த அளவு வந்ததும் 'கிளிக்' என்று ஒலிப்பது), 4-5-6 என்று மாற்றிக்கொள்ளும் சைக்கிள் டார்க் சாவி, வீலர் நிறுவனத்தின் ஃபேட் ரெஞ்ச் (துப்பாக்கி ஸ்க்ரூக்களுக்கான டார்க் திருப்புளி). முதலிரண்டும் மலிவு, மூன்றாவது இறக்குமதி, விலை கூடுதல். கிளிக் ரெஞ்ச் வீட்டு வேலைக்கும் உதவும் என்பதால் அதையே வாங்கலாமா? கையளவிலேயே இறுக்கிவிட்டால் போதும் என்கிறார்களே, அது சரியா?

கடைசல்பட்டறை:
முதலில் எண்ணை நம் அலகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். 1 இன்ச் பவுண்டு என்பது 0.113 நியூட்டன் மீட்டர். 15 என்றால் 1.7, 18 என்றால் 2.03. இப்போது பாருங்கள்: 4-5-6 சாவியின் மிகக் குறைந்த அளவே உங்களுக்கு வேண்டியதைப் போல் இரண்டு மடங்கு. அதை விட்டுவிடுங்கள்.

2–24 ரெஞ்சும் இந்த வேலைக்கு ஆகாது. 2 என்ற கோட்டில் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் கிட்டத்தட்ட தளர்ந்தே கிடக்கும். கிளிக் சத்தம் மெல்லியது, கைக்கு உறைக்காது. அது தெரிவதற்குள் நீண்ட கைப்பிடி 3-ஐத் தாண்டிவிடும். வாங்கும் கருவியின் அளவெல்லையில் நமக்கு வேண்டிய எண் நடுவிலாவது, குறைந்தபட்சம் கீழ்முனையிலிருந்து கொஞ்சம் மேலேயாவது விழ வேண்டும். விலையைப் பார்ப்பதற்கு முன் இதைப் பாருங்கள்.

திருப்புளி வடிவத்தில், எண் வந்ததும் வழுக்கிக் கொடுக்கும் வகையைத் தேடுங்கள். வெரா நிறுவனத்தில் 1.2–3.0 நியூட்டன் மீட்டர் மாடல் உண்டு, ±6 சதவீதம். விலை அதிகம்தான், ஆனால் உங்கள் 1.7–2.0 அப்படியே நடுவில் விழும். ஃபேட் ரெஞ்ச் 10 முதல் 65 இன்ச் பவுண்டு வரை போகும், குறைந்த எண்களில் ±2 பிழை. 15-ல் வைத்தால் 13 முதல் 17. ரிங் மூடிக்கு அது போதுமானது.

பேட்டரி ஸ்க்ரூடிரைவரின் கிளட்ச் வளையத்தில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்களை டார்க் அளவு என்று எண்ணிவிட வேண்டாம். அவை எந்த அலகும் இல்லாத படிகள்.

மரையாணி:
கடைசல் சார் சொன்னதோடு இன்னும் ஒன்று: ஒரே எண்ணில் பூட்டப்பட்ட லிமிட்டரையும் (அந்த டார்க் வந்ததும் வழுக்கிவிடும் கருவி) யோசியுங்கள். ஃபிக்ஸ் இட் ஸ்டிக்ஸ் போன்றவை 15, 25, 45, 65 இன்ச் பவுண்டு என்று தனித்தனியாக வரும். மூடிக்கு 15 ஒன்று போதும். திருப்பி வைக்க வளையம் இல்லை, அதனால் தவறான எண்ணில் வைத்துவிடும் பயமும் இல்லை.

எதையும் வாங்காமல் செய்ய வேண்டுமானால் பெட்டி நிறுக்கும் கொக்கித் தராசும் எல் வடிவ ஆலன் சாவியும் போதும். சாவியின் குட்டைக் காலை ஸ்க்ரூவில் செருகி, நீண்ட காலில் ஸ்க்ரூவின் நடுவிலிருந்து சரியாக 50 மி.மீ. தள்ளி அரத்தால் சின்னக் கீறல் போடுங்கள். கொக்கி அந்தக் கீறலில் உட்காரும். தராசு 4 கிலோ காட்டினால் 1.96 நியூட்டன் மீட்டர், 3.5 கிலோ என்றால் 1.72. இழுக்கும்போது சாவியின் முழங்கையைக் கட்டைவிரலால் கீழே அழுத்திப் பிடியுங்கள், இல்லாவிட்டால் சாவி சாய்ந்து ஸ்க்ரூ தலையின் உள்விளிம்பைத் தின்றுவிடும். இழுப்பு சாவிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். 30 பாகை விலகினால் 13 சதவீதம் குறைந்துபோகும்.

வாங்கிய கருவியைச் சோதிக்கவும் இதே கணக்குதான். கைப்பிடியைத் துணி சுற்றி வைஸில் படுக்கை வசத்தில் பிடித்து, பிட் இடத்தில் ஒரு கம்பியைக் குறுக்கே பொருத்தி, நடுவிலிருந்து 100 மி.மீ. தூரத்தில் 2 லிட்டர் பாட்டிலைத் தொங்கவிடுங்கள். கம்பி கிடைமட்டமாக இருக்கும்போது, கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஊற்றினால் எத்தனை கிலோவில் வழுக்குகிறது என்று தெரிந்துவிடும். பாட்டிலோடு 1.75 கிலோ என்றால் 1.72 நியூட்டன் மீட்டர். ஐந்து முறை செய்யுங்கள். 15 இன்ச் பவுண்டில் வைத்த கருவி ஐந்து முறையும் 1.9 நியூட்டன் மீட்டரை ஒட்டி விழுந்தாலும் அது நல்ல கருவி. வித்தியாசத்தைக் கழித்து வைத்துக்கொள்ளலாம். ஒரு முறை 1.4, அடுத்த முறை 1.9 என்று அலைந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கையளவு பற்றி: ஒரு ஸ்க்ரூவுக்கும் அடுத்ததற்கும் கை ஒரே மாதிரி இறுக்காது. மூடியைக் கெடுப்பது அந்த வித்தியாசம்தான்.

பத்துமீட்டர்:
இருவருக்கும் நன்றி. 15 லிமிட்டர் பக்கம்தான் மனம் போகிறது. ஒரு சந்தேகம்: மூடி ஸ்க்ரூக்களில் நீல லாக்டைட் (ஸ்க்ரூ தளராமல் இருக்க மரையில் இடும் ஒட்டுத்திரவம்) ஏற்கெனவே போட்டிருக்கிறது. அப்படியே 15-ல் இறுக்கலாமா?

கடைசல்பட்டறை:
வேண்டாம். தாளில் வேறு மாதிரி சொல்லாவிட்டால் அந்த எண்ணை உலர்ந்த மரைக்கு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். லாக்டைட் காயும் முன் எண்ணெய் போல வழுவழுப்பாக இருக்கும். உராய்வு குறைந்தால் அதே 15-ல் ஸ்க்ரூ கூடுதலாக இழுபட்டு, மூடி குழாயை நசுக்கும். நசுங்கிய குழாய்க்குள் எரெக்டர் (குமிழைத் திருப்பினால் நகரும் உள்குழாய்) சிக்கிக்கொண்டால், குமிழைத் திருப்பினாலும் குண்டு விழும் இடம் நகராது. ஸ்கோப்பே பழுது என்று நினைக்கத் தோன்றும்.

ஸ்க்ரூக்களைக் கழற்றி, பழைய பல் துலக்கியும் அசிட்டோனும் கொண்டு மரையைச் சுத்தம் செய்யுங்கள். ரிங்கின் துளையையும் விடாதீர்கள். அசிட்டோன் ஸ்கோப் பக்கம் போகவே கூடாது. மூடிக்கு ஒட்டுத்திரவம் தேவையில்லை. டவ்டெயில் பிடிக்கும் கீழ் ஸ்க்ரூவில் போட்டே ஆக வேண்டுமென்றால் சிறு ஸ்க்ரூக்களுக்கான ஊதா 222 போதும். அப்போது டார்க்கை ஐந்தில் ஒரு பங்கு குறைத்துவிடுங்கள்.

மரையாணி:
இறுக்கும் வரிசையும் முக்கியம். நான்கு ஸ்க்ரூவையும் விரலால் தொடும் வரை ஓட்டிவிட்டு, மூடிக்கும் ரிங்குக்கும் உள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா என்று தாள் துண்டு நுழைத்துப் பாருங்கள். பிறகு எக்ஸ் வடிவில், ஒரு முறைக்குக் கால் சுற்றுக்கு மேல் போகாமல். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் ஸ்கோப் உருண்டு குறுக்குக்கோடு சாயும். கடைசிச் சுற்றில் லிமிட்டரை மெதுவாகத் திருப்புங்கள். வெடுக்கென்று திருப்பினால் வழுக்கும் முன்னரே அளவு தாண்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கியில் பிஸ்டன் முன்னே பாயும்போது ஒரு உதை, சிலிண்டர் முனையில் போய் நிற்கும்போது எதிர்ப்பக்கம் இன்னொன்று. அதனால் மவுண்ட் (டவ்டெயிலைப் பிடித்திருக்கும் ரிங்) மெல்ல நகரும். கீழ் ஸ்க்ரூவை மேலும் மேலும் இறுக்கி அதை நிறுத்தப் பார்த்தால் அலுமினிய ரிங்கின் பிடிதான் தேயும். ரிங்கில் ஸ்டாப் பின் இருந்தால் ரிசீவரில் (துப்பாக்கி உடலின் மேற்பகுதியில்) உள்ள குழியில் அதை உட்கார வையுங்கள். பின் இல்லாத ரிங் என்றால் அதை மாற்றுவது, கருவி வாங்குவதைவிட முதலில் செய்ய வேண்டிய செலவு.

இன்னொன்று, உருளைத் தலை ஸ்க்ரூவில் சாவி 3 இல்லாமல் 2.5 மி.மீ. என்றால் ஸ்க்ரூ எம்3. சாதாரண 8.8 தர எம்3-க்கு 1.2 நியூட்டன் மீட்டரே ஏறக்குறைய எல்லை. 15 லிமிட்டர் அதன் மரையை உரித்துவிடக்கூடும். வாங்கும் முன் சாவியைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.