தலைசுற்றல் வந்தால் போனில் என்னென்ன குறிக்கணும்?

கேள்வி: அம்மாவுக்கு தலைசுற்றல் வரும்போதெல்லாம் போனில் குறித்துவைக்கச் சொல்லியிருக்கிறார் காது மூக்கு தொண்டை டாக்டர். எதையெல்லாம் எழுதணும்? அந்த நேரத்தில் திரையைப் பார்த்தாலே குமட்டுதாம்.

பதில் 1: சுற்றும்போது டைப் பண்ண வேண்டாம். வாய்ஸ் ரெக்கார்டரை ஓடவிட்டு, நின்றதும் அணைக்கச் சொல்லுங்க. எவ்வளவு நேரம் என்பது தானாகப் பதிவாகிடும். அதுதான் முக்கியம். படுக்கையில் புரண்டதும் வந்து ஒரு நிமிடத்துக்குள் அடங்கினால், உள்காதில் கால்சியம் துகள் இடம் மாறியிருக்கலாம். 20 நிமிடம் முதல் 12 மணி நேரம் வரை நீடித்து, காதடைப்பும் இரைச்சலும் சேர்ந்தால் மெனியர் நோயா (இதுவும் உள்காதுக் கோளாறுதான்) என்று பார்ப்பாங்க. எந்தப் பக்கம் புரண்டார், எந்தக் காது அடைத்தது என்பதையும் பிறகு சேருங்க.

பதில் 2: சுற்றும்போது அம்மாவின் கண்ணை, கூட இருக்கிறவர் வீடியோ எடுக்கணும். பின் கேமரா, நல்ல வெளிச்சம், ஃப்ளாஷ் இல்லாமல் 30 விநாடி. இரண்டு விழியும் தெரியணும். பயத்தில் கண்ணை இறுக மூடிக்குவாங்க, அப்போ ஒன்றும் பதிவாகாது. சுற்றும்போது விழி எந்தப் பக்கம் துடிக்குது என்று டாக்டர் பார்க்கணும், ஆனால் ஆஸ்பத்திரி போவதற்குள் அந்தத் துடிப்பு அடங்கிவிடும்.

பதில் 3: சுற்றாத நாளுக்கும் 0 போடுங்க. வெறுமனே விட்டால் நல்லா இருந்தாரா, குறிக்க மறந்தாரா என்று தெரியாது. மாத்திரை எடுத்த நேரமும் வேணும். பேச்சு குழறினால், இரண்டிரண்டாகத் தெரிந்தால், ஒரு பக்கக் கைகால் துவண்டால் குறிப்பெல்லாம் அப்புறம், உடனே 108.