அவசர உதவி: க்யூ மாட்டிக்கொண்டது, யூ இல்லை

மணல்வீடு
ஆங்கில எழுத்துக் கட்டைகளால் பலகையில் சொல் அடுக்கும் ஸ்க்ராபிள், ஆட்டம் முடியப் போகிறது. கையில் க்யூ வந்து உட்கார்ந்திருக்கிறது, யூ வரவே இல்லை. யூ இல்லாமல் க்யூ வைத்துச் சின்னச் சொல் ஏதாவது இருந்தால் சொல்லுங்கள். அர்த்தமும் வேண்டும், எதிரில் ஆடுபவர் கட்டாயம் கேட்பார். கொஞ்சம் சீக்கிரம்.

ஏழாம்கட்டை
மற்ற ஆறு எழுத்து என்ன? பலகையில் எது திறந்திருக்கிறது? இன்னும் எடுக்காத எழுத்து பையில் எத்தனை மிச்சம்? எந்தச் சொற்பட்டியல் வைத்து ஆடுகிறீர்கள்? இதில் ஒன்றைக்கூடச் சொல்லாமல் சீக்கிரம் என்றால் எப்படி?

மழைக்காகிதம்
எஸ்-யூ-க்யூ. அரபு நாட்டுச் சந்தை என்று பொருள். மூன்றே எழுத்து.

சொல்லாழி
யூ இல்லை என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறார். நடுவில் யூ வைத்த சொல்லைக் கொடுத்துவிட்டு மூன்றே எழுத்து என்று பெருமை வேறு. தவிர, இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. ஆட உட்காரும் முன் இரண்டெழுத்துச் சொற்களை மனப்பாடம் செய்வது குறைந்தபட்ச மரியாதை. யாரும் செய்வதில்லை.

மணல்வீடு
மன்னிக்கவும். மற்றவை: டி, டி, ஆர், என், ஓ, ஐ. பட்டியல் எதுவென்று தெரியவில்லை, போனில் ஆடுகிறோம்.

ஏழாம்கட்டை
எந்த டி? டேபிள் டியா, டாக்டர் டியா?

மணல்வீடு
ஒன்று டேபிள், ஒன்று டாக்டர்.

பழையபேனா
க்யூவைப் பையில் போட்டு வேறு எழுத்தாக மாற்றிவிடுங்கள். க்யூவைக் கட்டிக்கொண்டு அழுவது எனக்குப் பிடிக்காத வேலை. நான் கைக்கு வந்த அடுத்த முறையே தள்ளிவிடுவேன். ஒரு முறை ஆட்டம் போகும், போகட்டும்.

ஏழாம்கட்டை
வழக்கமான விதிப்படி பையில் ஏழு எழுத்தாவது இருந்தால்தான் மாற்ற முடியும். அதற்குத்தான் மிச்சம் எவ்வளவு என்று கேட்டேன். இன்னும் பதில் இல்லை.

மணல்வீடு
பையில் 4.

ஏழாம்கட்டை
அப்போது மாற்ற வழியில்லை. போட்டே ஆக வேண்டும். போடாமல் கையில் தங்கினால் க்யூவின் மதிப்பான பத்துப் புள்ளி உங்களுக்குக் கழியும், எதிராளி முதலில் முடித்தால் அந்தப் பத்து அவருக்குப் போய்ச் சேரும். மொத்தத்தில் இருபது வித்தியாசம்.

நீலக்குடை
ஒரு எளிய வழி சொல்கிறேன். அரபியில் தொண்டை அடியிலிருந்து வரும் ஒரு 'க' உண்டு. அது ஆங்கிலத்துக்குப் போகும்போது பெரும்பாலும் க்யூ ஆகிவிடும், யூ ஒட்டாது. நமக்கும் பழகிய சொற்கள்தான்: பக்கிரி, காஜி, தலாக், நிகாப், வக்ஃபு, புர்கா. எல்லாவற்றிலும் க்யூ இருக்கிறது. தமிழில் எல்லாக் 'க'வும் ஒன்று என்பதால் நமக்குக் கண்ணில் படுவதில்லை. உங்களிடம் டாக்டர் டியும் ஐயும் இருக்கின்றன. பலகையில் ஓர் ஏ திறந்திருந்தால் க்யூ-ஏ-டி-ஐ, அதாவது இஸ்லாமிய நீதிபதி. அதே நான்கை மாற்றினால் க்யூ-ஏ-ஐ-டி, குடித் தலைவர்.

சொல்லாழி
புர்காவின் இரண்டாம் எழுத்தே யூ. இன்றைக்கு இரண்டாவது ஆள். அரபுக் கணக்கும் பாதிதான் சரி. க்யூ-ஓ-பி-எச் என்பது எபிரேய எழுத்தின் பெயர். க்யூ-ஐ-என் சீனத்துத் தந்தி வாத்தியம். யூ-எம்-ஐ-ஏ-க்யூ இனுவிட் மக்களின் தோல் படகு. இவற்றை எந்தத் தொண்டையில் வைப்பீர்கள்?

நீலக்குடை
பெரும்பாலும் என்று எழுதியிருக்கிறேன் ஐயா. படகிலும் யூ இருக்கிறது, அதையும் எண்ணிக்கொள்ளுங்கள்.

மழைக்காகிதம்
மூன்றாவது ஆள்!

தாழ்வாரம்
டேபிள் டி, ஆர், என் எல்லாம் இருக்கின்றன. அந்த ஏயை நடுவில் வைத்து டி-ஆர்-ஏ-என்-க்யூ போட முடியாதா? மயக்க மருந்தின் சுருக்கப் பெயர். எனக்கு மிகவும் பிடித்த சொல். ஒரு முறை போட்டு எதிராளி முகத்தைப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் க்யூ-ஏ-டி, மெல்லுவதற்கான ஒரு செடியின் இலை. ஏமனிலும் எத்தியோப்பியாவிலும் மெல்லுகிறார்கள்.

மணல்வீடு
ஏ ஒன்றே ஒன்று, வலது ஓரத்தில். மேலும் கீழும் அடைத்திருக்கிறது.

தாழ்வாரம்
அடடா.

குடைமிளகு
எல்லாரும் ஏன் சுற்றி வளைக்கிறீர்கள்? க்யூ-ஐ. இரண்டெழுத்து, ஐ அவர் கையிலேயே இருக்கிறது. உயிர்களுக்குள் ஓடுவதாகச் சீனர்கள் சொல்லும் ஆற்றல், நம் பிராணன் மாதிரி. எந்தப் பட்டியல் என்ற கவலையும் வேண்டாம். வட அமெரிக்கப் பட்டியலில் 2006இல் சேர்த்தார்கள், மற்ற நாடுகளில் ஆடும் காலின்ஸ் பட்டியலிலும் உண்டு. க்யூ-ஐ-என் மட்டும் வேண்டாம், அது காலின்ஸில்தான் செல்லும். உங்களுடையது எது என்று உங்களுக்கே தெரியாதே.

பழையபேனா
இதெல்லாம் ஆங்கிலமா? சீனச் சொல்லைப் போட்டு ஆங்கில ஆட்டம் ஜெயிப்பது எனக்கு ஒட்டவில்லை. பீட்சாவைச் சுருக்கி இசட்-ஏ என்றாலும் செல்லுமாம். பேசுகிற எவரும் சொல்லும் ஓகே அமெரிக்க ஸ்க்ராபிள் அகராதிக்குள் வந்தது 2018இல்! என்ன நியாயம்?

நீலக்குடை
கட்டுமரமும் சுருட்டும் ஆங்கிலத்துக்குள் போனபோது யாரும் இப்படிக் கேட்கவில்லையே. க்யூவுக்குப் பின்னால் யூ வருவதும் ஆங்கிலத்தின் சொந்தச் சொத்து கிடையாது. பழைய ஆங்கிலத்தில் குவீன் என்பதை சி-டபிள்யூ என்று தொடங்கி எழுதினார்கள். 1066க்குப் பிறகு நார்மன் எழுத்தர்கள் பிரெஞ்சு வழக்கப்படி க்யூ-யூ ஆக்கிவிட்டார்கள். இரவல் விதியை வைத்துக்கொண்டு இரவல் சொல்லைத் தடுப்பதா?

பழையபேனா
வரலாறு சரி. அர்த்தமே தெரியாமல் எழுத்தை அடுக்குவது மொழி விளையாட்டா என்பதுதான் என் கேள்வி.

சொல்லாழி
அது எண்ணும் இடமும் சார்ந்த விளையாட்டு. 2015இல் நியூசிலாந்தின் நைஜல் ரிச்சர்ட்ஸ் பிரெஞ்சு பேசத் தெரியாமலே பிரெஞ்சு ஸ்க்ராபிள் உலகப் பட்டம் வென்றார். 2024இல் ஸ்பானிஷிலும். அர்த்தம் தெரிந்தவர்கள் எதிரில் உட்கார்ந்து தோற்றார்கள்.

தாழ்வாரம்
ஒரு நிமிடம். ஆட்டம் இப்போது நடந்துகொண்டிருக்கிறதா? அப்படியானால் நாம் ஏழு பேர் சேர்ந்து ஒருவரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறோம்.

மழைக்காகிதம்
டி-ஆர்-ஏ-என்-க்யூ வைக்க இடமில்லை என்றானதும் உங்களுக்கு நியாயம் நினைவுக்கு வந்துவிட்டது.

மணல்வீடு
என் சித்தப்பாவோடு ஆடுகிறேன். ஒரு காய் வைக்க அவர் இரண்டு நாள் எடுத்துக்கொள்வார். அவர் அகராதி பார்ப்பதில்லை என்று யார் கண்டது?

ஏழாம்கட்டை
சண்டை அப்புறம். பலகையில் இன்னோர் ஐ திறந்திருக்கிறதா?

மணல்வீடு
டாக்ஸி என்று இருக்கிறது, குறுக்கே. அதன் கடைசி ஐக்கு மேலே, கீழே, வலது பக்கம் எல்லாம் காலி.

ஏழாம்கட்டை
அந்த ஐக்கு நேர் மேல் கட்டம் என்ன நிறம்?

மணல்வீடு
கருநீலம்.

ஏழாம்கட்டை
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! கருநீலம் என்றால் எழுத்துக்கு மூன்று மடங்கு. க்யூவை அங்கே வையுங்கள், உங்கள் ஐயை அதற்கு வலது பக்கம். குறுக்கே க்யூ-ஐ, நெடுக்கே டாக்ஸியின் ஐயோடு இன்னொரு க்யூ-ஐ. க்யூ முப்பது, ஐ ஒன்று. முப்பத்தொன்று இரண்டு முறை, ஆக 62. இரண்டு கட்டையில் இதைவிட நல்ல அறுவடை கிடைப்பது கஷ்டம். க்யூவுக்கு மேலும் இடப்பக்கமும், புதிய ஐக்கு மேலும் வலப்பக்கமும் எதுவும் ஒட்டவில்லை என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடைமிளகு
உச்சரிப்பு கி இல்லை, சீ. அவர் கேட்டால் சரியாகச் சொல்லுங்கள்.

சொல்லாழி
நான் முதல் பதிலிலேயே இரண்டெழுத்துச் சொற்கள் என்றேன்.

குடைமிளகு
சொன்னீர்கள். சொல்லைத்தான் சொல்லவில்லை.

(மூன்று நாள் கழித்து)

மணல்வீடு
62 வந்தது. சித்தப்பா போன் செய்து இது என்ன சொல் என்றார். சீ என்றேன். யாரைப் பார்த்து சீ என்கிறாய் என்று வைத்துவிட்டார். இன்னும் அடுத்த காய் வைக்கவில்லை. நன்றி.

உப்புமூட்டை
இதே இழையில் கேட்டுக்கொள்கிறேன். எனக்கு வி மாட்டியிருக்கிறது. இரண்டெழுத்தில் ஏதாவது?

சொல்லாழி
இரண்டு பட்டியலிலும் ஒன்றுகூட இல்லை.

ஏழாம்கட்டை
மற்ற ஆறு எழுத்து என்ன?